ஃபியூஸ் கம்பி

(நாகர்கோவிலில் நண்பர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுக்க மாற்றவில்லை.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேங்கில் கவுண்டரில் உட்காருகிறவன் நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்கிறவன். கொஞ்சம் பேச இடம் கிடைத்தால் விடமாட்டான்.

பேச வந்தது கரண்டு பற்றி. சரியாகச் சொன்னால், கரண்டு போகிறது பற்றி. அதையும் விடச் சரியாகச் சொன்னால், கரண்டு போன பிறகு யாரைப் பிடிக்கிறார்கள் என்பது பற்றி.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இலங்கையில் காலை பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னே தீவு முழுக்க மின்சாரம் நின்றுபோனது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு எல்லாம் ஒன்றாக. மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி காரணம் சொன்னார்: பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டுவிட்டது. உலகமே சிரித்தது. இலங்கைக்குக் குரங்கு தீ வைத்த கதையை நமக்கு ரெண்டாயிரம் வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது விளக்கை அணைத்த கதையும் சேர்ந்தது.

குரங்கு தொட்டது பொய் இல்லை. தொட்டிருக்கும். கேள்வி அது இல்லை. இலங்கையில் குரங்கு தினமும் எதையாவது தொடுகிறது. மற்ற நாளெல்லாம் ஒரு தெருவோ ஒரு வட்டாரமோ இருண்டு, அரைமணி நேரத்தில் சரியாகும். அன்று மட்டும் ஏன் இரண்டு கோடிக்கு மேல் மக்கள் இருட்டில்? மின்பொறியாளர்கள் பிறகு சொன்னதை நமக்குத் தெரிந்த பாசையில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. ஆலை இல்லை, ஆபீஸ் இல்லை, மின்சாரத் தேவை குறைவு. உச்சி வெயில். கூரைமேல் சூரியத் தகடு வைத்த வீடெல்லாம் மின்சாரத்தை உள்ளே தள்ளுகிறது. அதனால் பெரிய பெரிய இரும்புச் சக்கரம் சுழலும் மின்நிலையங்களைக் குறைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சக்கரங்களின் கனம்தான் ஒரு மின்வலையை நிலையாக வைத்திருப்பது. பாரம் ஏற்றிய வண்டி கல்லில் ஏறி இறங்கினாலும் போகும். வெறும் வண்டி அதே கல்லில் தூக்கியடிக்கும். அன்று இலங்கை வெறும் வண்டியாக ஓடியது. குரங்கு வெறும் கல். வண்டி ஆடியது, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று எந்திரங்களும் கழன்றுகொண்டன. அதற்கடுத்த நாட்களிலும் முறை வைத்து மின்வெட்டு.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. இரண்டே மாதம் கழித்து ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, இலங்கை மின்சார சபையே கூரைத் தகடு வைத்திருப்பவர்களிடம் பகல் நேரத்தில் அணைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அதாவது விடுமுறை நாள்தான் ஆபத்தான நாள் என்று அவர்களுக்குத் தெரியும். நம் நாட்டிலும் தெரியும். 2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிசம் விளக்கை அணைக்கச் சொன்னார் பிரதமர். ஞாபகம் இருக்கும். பதினாலாயிரம் மெகாவாட் வரை குறையும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, முப்பத்தோராயிரம் மெகாவாட் அளவுக்குக் குறைந்துபோனது. முன்கூட்டியே தயாராக இருந்து, புனல்மின் நிலையங்களை ஏற்றி இறக்கிச் சமாளித்தார்கள். மேலே இருப்பவர் நினைத்தால் சமாளிக்க முடியும் என்பதற்கு அதுவும் சாட்சி.

ஆனால் இலங்கையில் அதற்கு முன்னே நடந்ததைப் பாருங்கள். 2016 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவு இருண்டது. நாசவேலையாக இருக்கலாம் என்று துணைமின் நிலையங்களுக்கு ராணுவத்தைக் காவல் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 17இல் இருண்டது. கெரவலப்பிட்டியில் பராமரிப்பு வேலை பார்த்த ஒரு மின் கண்காணிப்பாளரின் பிழை என்று சொன்னார்கள். 2021 டிசம்பர் 3இல் இருண்டது. அப்போது மின்பொறியாளர் சங்கம் போராட்டத்தில் இருந்த நேரம். நாசவேலையா என்று விசாரிக்க ஜனாதிபதி கோத்தபய உத்தரவு போட்டார். 2025இல் குரங்கு. அடையாளம் இல்லாத சதிகாரன், ஓர் ஊழியன், ஒரு சங்கம், ஒரு குரங்கு. நாலு தடவை இருட்டிலும் நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். ஒரு தனி மனிதனின் கை தவறினால் ஒரு தேசமே இருண்டுபோகிற மாதிரி வலையைக் கட்டி வைத்தது யார் என்ற கேள்வி மட்டும் எந்தத் தடவையும் தலைப்புச் செய்தி ஆகவில்லை.

நம்ம ஊரையும் விடவேண்டாம். 2021 ஜூனில் நம் மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்தடைக்கு அணில்களும் காரணம் என்றார். அவரை ஒரு வாரம் கேலி செய்தோம். நியாயமாகப் பேசணும்னா, அதற்கு முந்தின மாதங்களில் பராமரிப்பு நடக்கவில்லை என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார், அணில் உலகமெங்கும் மின்தடை செய்கிற பிராணிதான். ஆனால் பராமரிப்பு நின்றது யார் கையெழுத்தில் என்று கேட்க ஆளில்லை, அணில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. துருக்கியில் 2014இல் தேர்தல் வாக்கு எண்ணுகிற ராத்திரி கரண்டு போனபோது, பூனை மின்மாற்றிக்குள் புகுந்துவிட்டது என்றார் அந்நாட்டு அமைச்சர். ராமர் தடவிக் கொடுத்த அணில், ராமருக்குத் தூது போன குரங்கு, இவற்றுக்கே இந்தக் கதி என்றால் மனுசன் கதி என்ன?

மனுசன் கதைக்கு வருகிறேன்.

சில வருசத்துக்கு முந்தி, நம் மாவட்டத்தில் ஓர் ஊர். பேர் வேண்டாம். ஊர்த் திருவிழா. எந்த மதத்துத் திருவிழா என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற மதக்காரர்கள் சந்தோசப்படுவார்கள். 1982 மண்டைக்காட்டுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் அந்த ஜாக்கிரதை நமக்கு வேண்டும். நமக்கு இரண்டு பக்கமும் ஒரே அனுபவம்தானே, தெருவின் ஓரத்தில்தானே நம்மை நிற்க வைத்தார்கள்.

திருவிழாவின் கடைசி ராத்திரி. வாணவேடிக்கைக்குக் கொஞ்சம் முந்தி ஊர் முழுக்க இருட்டு. மைக் செட் நின்றது, சீரியல் செட் நின்றது, ராட்டினம் பாதியில் நின்றது. அரைமணி நேரத்தில் கதை தயார். "அவன்தான் ஃபியூஸைப் பிடுங்கிட்டான்." அவன் என்றால் எங்கள் தெருவில் எனக்கு மாமா முறை உள்ள ஒருவர். கம்பம் நட குழி தோண்டுவார், மரக்கிளை வெட்டுவார், ஒப்பந்தக்காரர் கூப்பிட்டால் போவார். நிரந்தர வேலை இல்லை, சீருடை இல்லை, கையுறைகூட இல்லை. ஆனால் ஊரில் கரண்டு சம்பந்தமாக முகம் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான். போதாததுக்கு அந்த வருசம் எங்கள் தெருவுக்குள் அலங்கார விளக்கு போடவில்லை என்று அவர் கமிட்டியில் போய்க் கேட்டிருந்தார். கேட்டதுதான் காரணமாகிவிட்டது. "அவனுவ தெருவுல லைட்டு இல்லைன்னா ஊருக்கே லைட்டு இல்லாம ஆக்கிட்டான் பாத்தியா."

அடித்தார்களா என்று கேட்காதீர்கள். அடித்தார்கள். அதைவிட, மறுநாள் கூட்டம் போட்டு அய்யாயிரம் ரூபாய் தெண்டம் வைத்தார்கள். அவர் அன்றைக்கு ராத்திரி ஊரிலேயே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு சாவு வீட்டில் இருந்தார். பத்துப் பேர் சாட்சி. கூட்டத்தில் அதைச் சொன்னதற்கு வந்த பதில்: "சாட்சி சொல்லுகவன் எல்லாம் அவன் தெரு ஆளுவதானே. அவனுவ அவனுக்குத்தான் சொல்லுவானுவ." நல்ல நியாயம். குற்றம் சாட்டினவர்களும் ஒரே தெருக்காரர்கள்தான். அது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா என் கவுண்டருக்கு வந்தார். அத்தையின் கம்மலைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். கல் எடை நீக்கி மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நகைக்கடன் படிவத்தில் கடன் வாங்கும் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயம், மருத்துவம், கல்வி, இதர. மாமா கேட்டார்: "என்னத்துக்குன்னு எழுதணும் மக்கா?"

"நீங்க என்ன சொல்லுகீங்களோ அதை எழுதலாம் மாமா."

"செய்யாத குத்தத்துக்குன்னு எழுத எடம் இருக்கா?"

இடமில்லை. குடும்பச் செலவு என்று எழுதி, கையெழுத்து வாங்கினேன்.

பிறகு உண்மை வெளிவந்தது, ஊர் கேட்டு வரவில்லை, எந்திரம் வெந்து கிடந்ததால் வந்தது. மின்மாற்றியையே மாற்றவேண்டி வந்தது. அந்த மின்மாற்றிக்கு இருந்த சக்தி இவ்வளவு, அன்று ஏற்றின பாரம் அதைப்போல எவ்வளவோ. ஆயிரக்கணக்கில் விளக்கு, ராட்டினம், கடைகள், எல்லாம் கொக்கி. சாயங்காலமே இரண்டு தடவை ஃபியூஸ் போயிருக்கிறது. மூன்றாம் தடவை போகக்கூடாது என்று கமிட்டிக்காரர்கள் யாரையோ விட்டுத் தடித்த கம்பியைச் சுற்றி வைத்துவிட்டார்கள். ஃபியூஸ் போகவில்லை. மின்மாற்றி போனது. எங்கள் தெருப் பையன் ஒருத்தன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டான். ஒரு வரியில் பதில் வந்தது: மிகைச்சுமை காரணமாகப் பழுது. அந்தத் தாளை மாமா கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். தெண்டம் திரும்பி வரவில்லை. கேட்டால், "அது சாமி கணக்குல சேந்து போச்சு" என்கிறார்கள்.

ஃபியூஸ் எதற்கு என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறோம். விலை உயர்ந்த எந்திரத்தைக் காப்பாற்ற, ஓரிடத்தில் மெல்லிசான, மலிவான ஒரு கம்பியை வைப்பது. பாரம் கூடினால் முதலில் அது எரியும். எரிந்ததும் வேறு கம்பி போட்டுக்கொள்வார்கள். எரிந்த கம்பியை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. இந்தச் சமூகத்தில் அந்த இடத்தில் யாரை வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிஜமான ஃபியூஸ் எரிந்தால் பாரம் கூடிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். மனுச ஃபியூஸ் எரிந்தால் பாரத்தைப் பற்றி யாருமே பேசமாட்டார்கள். அதற்காகத்தான் அவனை எரிப்பதே.

எங்கள் பேங்கில் சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு தொகை வருகிறது, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஊகத்தில் ஒருத்தர் பேரில் எழுதிவிடக் கூடாது. விவரம் தெரிகிறவரை சஸ்பென்ஸில் நிற்கட்டும் என்பது விதி. வட்டிக்கடைக்காரனின் பேரப்பிள்ளையாகிய பேங்குக்குக்கூட இந்த அளவு நேர்மை இருக்கிறது. ஊருக்கு அந்தக் கணக்கே கிடையாது. பழி வந்த நிமிசத்தில் ஒரு பேரேட்டில் எழுதியாக வேண்டும், அந்தப் பேரேடு எப்போதும் நம் தெருவில்தான் இருக்கிறது.

இது இங்கே மட்டும் என்று நினைக்காதீர்கள். 1977 ஜூலை 13, நியூயார்க். மின்னல் விழுந்தது, கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, ஒரு மணி நேரத்தில் நகரமே இருட்டு. திரும்ப முழுசாக வர ஒரு நாளுக்கு மேல் ஆனது. மின்சாரக் கம்பெனியின் தலைவர் சார்லஸ் லூஸ், கடவுளின் செயல் என்றார். கம்பெனிக்குக் கடவுள் கிடைத்தார். கட்டுப்பாட்டு அறையில் அன்று உட்கார்ந்திருந்த வில்லியம் ஜூரித் என்ற ஊழியர் மேல் இன்னொரு விரல் நீண்டது. சுமையை நேரத்தில் குறைக்கவில்லை என்று. கருவிகளின் நிலை, பராமரிப்பின் நிலை, ஒருத்தர் தலையில் அவ்வளவையும் வைத்த ஏற்பாடு, இதெல்லாம் பிறகு மெதுவாக வந்தது. 1981இல் நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு உயர்மன்றம் கம்பெனியின் பெரும் அலட்சியம் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் அந்த ராத்திரியை உலகம் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது? கொள்ளை அடித்த ராத்திரி என்று. மூவாயிரத்துக்கு மேல் கைது. பெரும்பாலும் கருப்பர்கள், புவெர்ட்டோ ரிக்கர்கள். வேலையில்லாமல் கிடந்த தெருக்களில் அவ்வளவு வருசமாக இருந்த இருட்டை யாரும் பிளாக்அவுட் என்று சொல்லவில்லை.

ஒரு சின்ன விலகல். 2012 ஜூலை 30, 31இல் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் அறுபது கோடிக்கு மேல் மக்கள் வாழும் பகுதிகள். உலக வரலாற்றில் அதைவிடப் பெரிசு இல்லை என்றார்கள். அந்த 31ஆம் தேதியே மின்துறை அமைச்சர் சுசில்குமார் ஷிண்டே உள்துறைக்கு உயர்த்தப்பட்டார். அவர் தலித். இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. மேலே ஒரு தலித் அமைச்சராக இருந்ததால் கீழே கம்பத்தில் ஏறுகிறவனுக்கு ஒரு கையுறை கூடுதலாகக் கிடைத்ததா? இல்லை. பிரதிநிதித்துவம் வேண்டும், அதற்காகத்தான் அம்பேத்கர் போராடினார். ஆனால் ஏணியின் மேல்படியில் ஒருத்தரை நிறுத்திவிட்டதால் கீழ்ப்படி மாறிவிடவில்லை. கோபப்படுகிறவர்கள் கூட்டம் முடிந்து கோபப்படலாம்.

பழி யார்மேல் ஒட்டும், யார்மேல் ஒட்டாது என்பதில் நம் நாட்டு நீதிமன்றமே ஒரு பாடம் எழுதி வைத்திருக்கிறது. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி, கீழ்வெண்மணி. நாற்பத்து நாலு பேர் ஒரு குடிசைக்குள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. பெரும் நிலக்காரர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. காரே சாட்சி சொல்லிவிட்டது. அதே இரவையொட்டி நடந்த கொலைக்காக விவசாயத் தொழிலாளர்கள் தண்டனை அனுபவித்தார்கள். அவர்களிடம் கார் இல்லை. எங்கள் மாமாவுக்குப் பத்துச் சாட்சி இருந்தும் போதவில்லை என்றேனே, இந்தக் கணக்குதான்.

வேங்கைவயலுக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 26. பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஆகாமல் போய், மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மனித மலம். மறுநாள் மாவட்ட ஆட்சியர் வந்தபோது அந்த வட்டாரத்தில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் விடாததும் வெளியே வந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.அய்.டி.க்குப் போனது. மரபணுச் சோதனைக்கு வா என்று அந்தத் தெருக்காரர்களையே அழைத்தார்கள். இரண்டு வருசம். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை: அதே தெருவின் மூன்று தலித் இளைஞர்கள் பேரில். தண்ணீர் குடித்தவர்கள்தான் தண்ணீரைக் கெடுத்தார்கள் என்று. ஊர்மக்கள் ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்டுகளும் ஏற்கவில்லை, மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டார்கள். அடுத்த மாதம், குற்றம் சாட்டப்பட்டவர்களும் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே சமூகம் என்ற நிலையில், வழக்கு வன்கொடுமைத் தடுப்புக்கான தனி நீதிமன்றத்தைவிட்டு வேறு நீதிமன்றத்துக்குப் போனது. பழி இடம் மாறியதும் சாதியே வழக்கிலிருந்து காணாமல் போகிறது, கவனியுங்கள். இரட்டைக் குவளை என்ன ஆச்சு? அது யார் கணக்கு?

இனி நம் மாவட்டத்துக்கு வேலை சொல்கிறேன். கோதையாற்றில் மின்சாரம் எடுக்கிறோம், முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிறது, வெளிச்சம் அனுப்புகிற மாவட்டம் இது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி வந்தபோது ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நட்டார்கள். சேற்றில் நின்று குழி தோண்டினவர்கள் யார் என்று அந்தக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினவர்கள் கேட்கவில்லை. திருவிழாவில் கரண்டை நிறுத்தினால் திட்டுகிறோம். நிறுத்தாவிட்டால் என்ன ஆகிறது? 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு பதினோரு பேர் செத்தார்கள். 2025 மார்ச் 1இல் நம் இனயம்புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையில் இரும்பு ஏணி கம்பியில் பட்டு நாலு பேர். தேர் போகிற நேரத்தில் சுவிட்சை இறக்கி ஊரை இருட்டாக்குகிறவன் உயிரைக் காப்பாற்றுகிறவன்.

ஆகவே இரண்டு காரியம். ஒன்று, திருவிழாக் கமிட்டிகள் தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்டி, எவ்வளவு பாரம் என்று எழுதிக் கொடுத்த தாளை விழாவுக்கு முன்னே பலகையில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். நன்கொடை ரசீதோடு நம் தெருவுக்கும் வருகிறார்கள், கேட்கிற உரிமை இருக்கிறது. இரண்டு, எந்த ஊரில் நம் ஆள்மேல் இப்படித் தெண்டம் போட்டாலும், போட்ட அன்றே எழுத்தில் வாங்குங்கள். யார் போட்டது, என்ன குற்றம், யார் சாட்சி. எழுதித் தரமாட்டார்கள். தரமாட்டோம் என்றால் நாமே தேதி போட்டு எழுதி, பதிவுத் தபாலில் காவல் நிலையத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவோம். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு நிற்குமா என்று அந்தத் தாளை வைத்துத்தான் வக்கீல் தோழர் பார்க்க முடியும். படிவம் நான் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன், வாசல் பக்கம் மேசையில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வக்கீல் தோழர் வந்துவிட்டார். மைக்கை அவரிடம் தருகிறேன்.